குழலில் ஏறாத பழக்கூழ்

"தொப்பியக் கழட்டுங்க மாமா."

தாபே ராம் கழற்றவில்லை. தராசுத் தட்டின் மேல் வெறுங்காலோடு நின்றபடி மருமகளை முறைத்தார். குளித்து முடித்த கையோடு அந்தக் குல்லு மலைத் தொப்பியைத் தலையில் வைத்தால், அதைத் தூங்கப் போகும்போதுதான் எடுப்பார்.

"தொப்பி நூறு கிராம் இருக்கும். பொய்க் கணக்கு வேண்டாம்" என்றாள் ஹீராமணி.

கழற்றினார். ஆப்பிள் பெட்டி நிறுக்கிற தராசில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. ஐம்பத்து மூன்று, புள்ளி ஏழு.

ஹீராமணி மறுபடி பார்த்தாள். எண் மாறவில்லை. பேக்கிங் கொட்டகையில் காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. ஆனாலும் அவளுக்கு நெற்றி வியர்த்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், கடைசி மரத்து ஆப்பிளைப் பறிக்க ஏறியபோது ஏணி சரிந்து விழுந்தார் தாபே ராம். தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போனது. மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பி போட்டுக் கட்டி, ஆறு வாரத்துக்கு எல்லாமே ஸ்ட்ரா வழியாகத்தான் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும்போது அறுபது கிலோ. ஐம்பத்து நாலுக்குக் கீழே போனால் படுக்கையில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விடுவேன் என்று டாக்டரம்மா விரல் நீட்டிச் சொல்லியிருந்தாள். இன்று மூன்று மணிக்கு அவளிடம் போக வேண்டும்.

சேர்த்துவிட்டால் தசரா போச்சு. இன்னும் ஒன்பது நாளில் ஊர்த் தேவதா பல்லக்கில் ஏறிக் கீழே திருவிழாவுக்கு இறங்குகிறார். முப்பத்தோரு வருஷமாக அவர் முன்னால் டோல் மேளம் அடித்துக்கொண்டு நடப்பது தாபே ராம்தான். தாடைக்கும் டோலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் டோலின் வாரைத் தோளில் போட்டு மூன்று நாள் நடக்க, உடம்பில் ஏதாவது இருக்க வேண்டுமே.

"குழாய் வேண்டாம்" என்றார் தாபே ராம், பல்லைத் திறக்காமலே. கம்பிக்குப் பின்னாலிருந்து வரும் அந்தப் பேச்சு, மூடிய கதவுக்கு உள்ளே இருந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

"வேண்டாம்னா உடம்புல ஒட்டணும்ல? குடிக்கிறது எல்லாம் எங்க மாமா போகுது?"

அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தூபக்காலைத் தேடப் போய்விட்டார்.

அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது உர்மியின் மிக்ஸி. தாபே ராமின் ஒரே மகள் உர்மி. எட்டு நாள் முன்னால், ஒரு கையில் துணிப்பை, மறு கையில் கல்யாணத்துக்குச் சீராகப் போன இந்த மிக்ஸி என்று பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். அண்ணன் கேம் ராஜ் ஆப்பிள் லோடோடு டெல்லி மண்டிக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. அதனால் வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு மிக்ஸியும்.

"அம்பத்து மூணு ஏழு" என்றாள் ஹீராமணி, வாசல்படியில் நின்று.

உர்மி மிக்ஸியை நிறுத்தினாள். "தராசு சரியில்லையோ என்னவோ, அண்ணி."

"தராசு சரியாத்தான் இருக்கு. நாலாயிரம் பெட்டி நிறுத்திருக்கு. உன் ஸ்மூத்திதான் சரியில்ல."

"என் ஸ்மூத்திக்கு என்ன? நீங்களே நக்கிப் பாருங்க."

ஹீராமணி ஜாடிக்குள் விரலை விட்டு நக்கினாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

உர்மி செய்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே அவள். ஆப்பிள் ஒன்று, பேரிக்காய் ஒன்று, தோல் சீவி, விதை நீக்கி. ராத்திரியே ஊறப் போட்டு மேல்தோல் உரித்த அக்ரூட் ஆறு. பிறகு ஜப்பானிப் பழம், பெட்டியில் பெர்சிமன் என்று ஒட்டி அனுப்புவது, நன்றாகக் கனிந்தது இரண்டு. ஆப்பிளோடு சேர்த்துப் புல்லில் பொதிந்து வைத்தால் ஐந்தாம் நாள் தொட்டால் கிழிகிற பதத்துக்கு வந்துவிடும். தக்காளி நிறத்தில் இருக்கிற அதைக் கரண்டியால் சுரண்டிப் போட வேண்டியதுதான். ஒரு கரண்டி தேன். காய்ச்சி ஆறிய பசும்பால் ஒரு செம்பு. எல்லாம் அரைத்து, கம்பியில் நார் மாட்டக்கூடாது என்று பழைய துப்பட்டாவில் வடிகட்டி, பெரிய ஸ்டீல் டம்ளரில் ஊற்றி, ஸ்ட்ரா போட்டு, அப்பாவின் அறை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வருவாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் பருப்புத் தண்ணீர்.

பழத்திலும் குறை வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெட்டிக்குப் போகிற பழம் அடுக்களைக்குள் வராது. விழுந்தது, கிளி கொத்தினது, அடிபட்டது, இதுதான் வீட்டுக்கு. தோட்டம் வைத்திருக்கிறவனின் பிள்ளை சந்தையில்தான் நல்ல ஆப்பிளைப் பார்க்கும். ஆனால் ஹீராமணி மாமனாருக்காக ஆணி அடித்து மூடிய பெட்டியையே திறந்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் உர்மிக்குத் தெரியும்.

"டம்ளர் காலியாத்தானே திரும்பி வருது" என்றாள் உர்மி. "துடைச்ச மாதிரி வருது."

"அதான் எனக்கும் புரியல. எட்டு நாளா ரெண்டு வேளையும் அக்ரூட்டும் பாலும் உள்ள போற மனுஷன் ஏறணும். இவர் இறங்குறார்."

"தண்ணி கலக்குறேன்னு சொல்ல வர்றீங்களா?"

"நான் சொன்னேனா?"

"செவ்வாய்க்கிழமை குழாயடியில என்ன சொன்னீங்க? ஒரு அடுப்புக்கு எத்தனை பேருதான் உக்காருவாங்கன்னு. எனக்குக் காது கேக்கும் அண்ணி."

ஹீராமணி நக்கின விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள். சொன்னதுதான். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வந்த களைப்பில், பக்கத்து வீட்டுக்காரியிடம் வாய் தவறி வந்தது. களைப்பில் வந்தால் மட்டும் சொல் மாறிவிடுமா?

உர்மி டம்ளரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். ஹீராமணி பால் கறக்கச் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

மாட்டுக்கொட்டிலில் பசு இருந்தது. கன்றுக்குட்டி இல்லை. கயிறு இழுபட்ட வரைக்கும் வெளியே வந்து, மாமனாரின் ஜன்னலுக்கு நேர் கீழே, கழுத்தை மேலே நீட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி அவ்வளவு பொறுமையாக.

"என்னடா இங்க வேலை உனக்கு?"

அதன் மூக்கைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஏதோ காய்ந்து போயிருந்தது. ஹீராமணி நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். ஜப்பானிப் பழம்.

கன்றின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். திம்மென்று இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் எலும்பு எண்ணலாம்.

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராக அடுக்களைக்கு ஓடினாள்.

"உர்மி! எங்க போகுதுன்னு தெரிஞ்சிருச்சு."

உர்மி வந்து பார்த்தாள். கன்றின் மூக்கைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. "அவ்வளவு கேவலமாவா இருக்கு, நான் செய்யறது?"

"கேவலமா இல்லடி. நான்தான் நக்கினேனே. அதனாலதான் கேக்குறேன். நல்லா இருக்கிறத எதுக்குக் கொட்டணும்?"

இரண்டு பேரும் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே ஆளில்லை. வீட்டு மூலையிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. தாபே ராம் தூபம் காட்டப் புறப்பட்டிருந்தார். இரண்டு வேளையும் சாமி மூலை, தானிய அறை, கொட்டில், தோட்டத்து முதல் மரம் என்று ஒரு சுற்று. மந்திரத்தைக் கம்பிக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு போவதால் இப்போதெல்லாம் இன்னும் மெதுவாக. அந்தச் சுற்று முடியாமல் அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. தசரா நெருங்குகிற நாளில் கேட்கவே வேண்டாம்.

"எவ்வளவு நேரம் ஆகும் இவருக்கு?" என்று கேட்டாள் ஹீராமணி.

"அரை மணி நேரம். அதுக்குள்ள ஆறிடக் கூடாதுன்னு சொல்றதுக்கு இது என்ன டீயா? ஏன் கேக்குறீங்க?"

"நீ எப்பவும் அடிச்ச உடனே ருசி பாக்குற. நானும் அப்பதான் நக்குறேன். அவர் அரை மணி கழிச்சுல்ல குடிக்கிறாரு?"

உர்மி அண்ணியைப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். ஜாடியின் அடியில் நாம் குடிக்கலாம் என்று ஒதுக்கி வைத்த மிச்சம் இருந்தது. சாய்த்தாள். வரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள். வரவில்லை. ஜாடியின் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும், பொத்தென்று தட்டில் ஒரு கட்டி விழுந்து, அல்வா மாதிரி குலுங்கி நின்றது.

"ஐயோ" என்றாள் உர்மி. பயமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "இது என்ன அண்ணி, பேய் பிடிச்ச மாதிரி?"

ஹீராமணி விரலால் குத்திப் பார்த்தாள். குழி விழுந்து அப்படியே இருந்தது. "அடுப்புல வைக்கல, ஐஸ்ல வைக்கல. எப்படிடி இறுகிச்சு?"

"அக்ரூட்டா இருக்குமோ?"

"ஆப்பிள் கறுக்குற மாதிரி, பேரிக்காயும் ஏதாவது பண்ணுதோ என்னவோ. சும்மா நின்னு யோசிச்சா தெரியாது. டம்ளரை எடு."

நாலு டம்ளர் எடுத்து வரிசையாக வைத்தார்கள். ஆப்பிளும் பாலும் ஒன்றில். பேரிக்காயும் பாலும் ஒன்றில். ஜப்பானிப் பழமும் பாலும் மூன்றாவதில். நாலாவதில் ஜப்பானிப் பழத்தோடு பாலுக்குப் பதிலாக வெந்நீர். எதற்கு என்று கேட்டதற்கு, "பழம் மேல மட்டும் பழி போடக் கூடாதுல்ல" என்றாள் உர்மி. எது எதில் என்று மறக்காமலிருக்க, பெட்டியில் ஒட்டுகிற சீட்டைக் கிழித்து ஒட்டினாள் ஹீராமணி. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நாளில் இவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"ஆட்டாதடி."

"ஆட்டல. ஊதிப் பாக்குறேன்."

"ஊதினா என்ன தெரியும்?"

"மேல அலை வருதான்னு. மூணாவதுல வரல அண்ணி!"

கால்மணி ஆயிற்று. ஹீராமணி ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். ஆப்பிள் ஓடியது. பேரிக்காய் ஓடியது. வெந்நீர் கலந்தது கெட்டியாக இருந்தாலும் நகர்ந்தது. மூன்றாவதைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"பழமும் தப்பில்ல, பாலும் தப்பில்ல" என்றாள் ஹீராமணி மெதுவாக. "ரெண்டும் சேர்ந்தாதான் வம்பு. இந்தப் பாழாப்போன பழத்த வருஷாவருஷம் பெட்டி பெட்டியா ஏத்தி அனுப்புறோம். பால்ல போட்டா இப்படி ஆகும்னு ஒருத்தருக்காவது தெரியுதா பாரு."

"நாம எங்க அதைத் தின்னோம், பால்ல போட? விக்கத்தானே செஞ்சோம்."

மணிச் சத்தம் நின்றது. அறைக் கதவு திறந்து மூடிக்கொண்டது. அழுத்தமாகச் சாத்திக்கொண்டார். குடிக்கும்போது ஓரத்தில் வழியும், யாரும் பார்க்கக் கூடாது அவருக்கு.

இரண்டு பெண்களும் கதவைத் தட்டாமலே உள்ளே போனார்கள்.

தாபே ராம் ஜன்னலருகே நின்றிருந்தார். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் ஸ்ட்ரா. ஸ்ட்ராவின் நுனியில் ஆரஞ்சுக் கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே கன்று ஒரு தரம் கத்தியது.

"கொட்டாதீங்க மாமா" என்றாள் ஹீராமணி. "தெரிஞ்சிருச்சு."

திருட்டுத்தனம் பிடிபட்ட பையன் மாதிரி அவர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எட்டு நாளா இதானா?" என்றாள் உர்மி. "உறிஞ்சினா வரலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

"பசிக்கலயா உங்களுக்கு?"

"பசிக்குது" என்றார் பல்லுக்குள்ளிருந்து. அந்த ஒரு சொல்லைக் கேட்டு உர்மி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஹீராமணி விடவில்லை. "நான் வச்ச பருப்புல உப்பு கூடினா தட்டைத் தள்ளி வைக்கிற ஆளு நீங்க. பதினாலு வருஷமா பாக்குறேன். இதை மட்டும் எதுக்கு மாமா பொறுத்துக்கிட்டீங்க?"

தாபே ராம் மகளைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கம்பியைத் தாண்டி அனுப்பினார்.

"உர்மி செஞ்சது. ஆகலன்னு சொன்னா... இந்த வீட்டுல அவளுக்கு வேற என்ன வேலை இருக்குன்னு பேச்சு வரும்."



"யாரு பேசுவா?" என்று கேட்டாள் ஹீராமணி. கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். குழாயடி இந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் இருக்கிறது.

உர்மி அழப்போகிறாள் என்று நினைத்தால், அவள் அப்பாவின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆறு கிலோ குறைஞ்சிருக்கீங்க. எனக்காக ஆறு கிலோ. நல்லா இருக்குப்பா நியாயம். உங்களை மூக்குல குழாயோட படுக்க வச்சிட்டு நான் இந்த வீட்டுல மகாராணியா இருப்பேனா?"

"மணி ஒன்பதரை" என்றாள் ஹீராமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு மணிக்கு ஆஸ்பத்திரி. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். மிக்ஸியப் போடு."

ஜப்பானிப் பழத்தை ஒதுக்கினார்கள். பாலில் ஆப்பிள், பேரிக்காய், அக்ரூட், தேன். ஹீராமணி கூடவே ஒரு கரண்டி நெய்யையும் போட்டாள். "இது உன் கணக்குல இல்ல, என்னோடது" என்றாள். இந்தத் தடவை டம்ளரை ஜன்னலில் வைக்கவில்லை. அரைத்த கையோடு கொடுத்து, இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்துகொண்டார்கள்.

"போங்க" என்று கையசைத்தார் அவர்.

"போக மாட்டோம். வழிஞ்சா துண்டு இருக்கு" என்றாள் ஹீராமணி.

குழலில் பழுப்பு வெள்ளை ஏறியது. நடுவில் நின்றது. மறுபடி ஏறியது. தொண்டை அசைந்தது. தாபே ராம் கண்ணை மூடிக்கொண்டார். டம்ளரின் அடியைத் தொட்டதும் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. உர்மி கை தட்டினாள்.

"மேல்கொல்லை ஆப்பிள்" என்றார் கண்ணைத் திறக்காமல். "பெட்டிப் பழம். எதுக்குத் திறந்தே?"

"சும்மா குடிங்க மாமா."

பத்து மணிக்கு இந்த ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று, பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒன்று. ஜப்பானிப் பழம் வீணாகக் கூடாது என்று அதை மட்டும் வெந்நீரில் அடித்து, பாதி டம்ளர் தனியாகக் கொடுத்தாள் உர்மி. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரித் தராசு ஐம்பத்து நாலு, புள்ளி ஆறு என்றது.

உர்மி மூச்சு விட்டாள். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தாள். "காலையில வீட்டுல எவ்வளவு காட்டுச்சு?"

ஹீராமணி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தாள். உர்மி தன் செருப்பைப் பார்த்தாள்.

"அம்பத்து மூணு ஏழு" என்றார் தாபே ராம். "மூணரை டம்ளர் குடிச்சுட்டு வந்தேன்."

பெண்கள் இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். என்ன குடித்தார், எப்படிச் செய்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் உர்மி சொன்னாள், ஜன்னலையும் கன்றையும் தவிர. பாலில் இறுகிய கதையைக் கேட்டு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நெசமாவா? கவுத்தா விழலயா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

"சரி. உள்ள போக வழி கிடைச்சிருக்குல்ல, இன்னைக்குச் சேர்க்கல. செவ்வாய்க்கிழமை வாங்க. வெறும் வயித்தோட. அம்பத்தஞ்சு இருக்கணும், இல்லன்னா பேச்சே கிடையாது." சீட்டில் எழுதிக்கொண்டே நிமிர்ந்தாள். "ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, அப்பப்ப அடிச்சு அப்பப்பக் கொடுக்கணும். இன்னும் நாலு வாரம். யாரு இருந்து செய்வா?"

உர்மி வாயைத் திறந்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"இவதான்" என்றாள் ஹீராமணி. "எங்க வீட்டுப் பொண்ணு. இருக்கா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஹீராமணிக்கு முன்னால் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். அப்பாவும் மகளும் கடைசி இருக்கையில். பியாஸ் ஆறு கூடவே ஓடி வந்தது. பாலம் தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"இனிமே எதையும் கொட்ட மாட்டேன்" என்றார் தாபே ராம்.

"ம்."

"நீயும் கொட்டாதே. உள்ளயே வச்சு இறுக விடாதே." மூச்சு வாங்கினார். அவ்வளவு நீளமாகப் பேசி நாளாயிற்று. "எட்டு நாளா நான் கேக்கல. இப்பக் கேக்குறேன். மாப்பிள்ளை கை நீட்டினானா?"

உர்மி மடியில் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"இல்லப்பா" என்றாள். "அடிச்சிருந்தா சொல்றதுக்குச் சுலபமா இருந்திருக்கும்."

கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினான். அவள் எழுந்து, முன்னால் போய், அண்ணியின் தோளைத் தொட்டு எழுப்பினாள். தாபே ராம் மட்டும் எழுந்திருக்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் திரும்பிப் பார்க்கட்டும், மீதியையும் சொல்லட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.